வேலியில்லாத ஊரில் தம்பியின் கராம்பு மரங்கள்

இந்த நினைவு மலரில் தம்பியை "அவர்" என்று எழுதவேண்டும் என்று பிள்ளைகள் சொன்னார்கள். எழுதிப் பார்த்தேன். சின்ன வயதில் மூக்குத் துடைத்துவிட்ட கைக்கு அந்த மரியாதை வரவில்லை. எழுதினால் மாலை போட்ட படத்துக்குள் இருந்தே தம்பி சிரிப்பான். ஆகவே "அவன்" என்றே எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தை நான் அதிகம் தொந்தரவு செய்தவள் அல்ல. பிழை இருந்தால் அச்சகத்தாரைத் திட்டுங்கள்.

தம்பி யாழ்ப்பாணத்தில், நான்கு பக்கமும் பனையோலை வேலி அடைத்த சிறு வளவில் பிறந்தான். எங்கள் ஐயா வேலிக் கதியால் ஒன்றை ஒரு சாண் நகர்த்திவிட்டார் என்று பக்கத்து வீட்டார் அக்காவின் கல்யாணத்துக்கே வரவில்லை. எங்கள் ஒழுங்கைச் சந்து அப்படிப்பட்டது. ஐயா காலமான கையோடு யுத்தமும் எங்களைத் துரத்தியது. கொழும்பில், கொட்டாஞ்சேனையில் ஓர் அறைக்குள் குடும்பம் முழுவதும் ஒடுங்கியது. தம்பி புறக்கோட்டையில் ஒரு பலசரக்குக் கடையில் சேர்ந்தான். ஒரு கராம்பை எடுத்து நகத்தால் அழுத்தி, கசியும் எண்ணெயைப் பார்த்தே தரம் சொல்லுவான். அந்தக் கெட்டித்தனத்தைக் கண்டு முதலாளி சரக்குப் பார்க்க அவனை இந்தோனேசியாவுக்கு அனுப்பினார். சரக்கு ஒழுங்காக வந்து சேர்ந்தது. பார்க்கப் போனவன்தான் வரவில்லை.

அவன் தங்கியது, பெரிய கப்பல், சின்னக் கப்பல், பிறகு வள்ளம் என்று மாறி மாறி ஏறிப் போகவேண்டிய ஒரு தீவுக் கிராமம். முன்னால் கடல், பின்னால் மலை, நடுவில் கொஞ்ச மரவீடுகள். கணவனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு, ரத்னா என்ற பெண்குழந்தையோடு அங்கே இருந்தவர்தான் பின்னாளில் எங்கள் மச்சாள். தம்பிக்குக் காய்ச்சல் கண்டபோது அவர் கஞ்சி கொடுத்தார். காய்ச்சல் மாறிய பிறகும் தம்பி கஞ்சியை விடவில்லை. ஊரார் பார்த்துவிட்டுக் கல்யாணம் செய்துவைத்தார்கள்.

அந்த ஊரில் காணி தனி ஆளுக்குச் சொந்தமில்லை, பரம்பரைக்குச் சொந்தம். இருக்கலாம், வீடு கட்டலாம், விற்க முடியாது. ஊர்ப் பெரியவர் ஒரு துண்டு நிலத்தைக் காட்டி "இரு" என்றார். யாழ்ப்பாணத்தான் ஒரு துண்டு நிலத்தைக் கண்டால் என்ன செய்வான்? வேலி அடைத்தான்! மூங்கில் வெட்டி, தென்னோலை பின்னி, சுற்றிவர நல்ல இறுக்கமான வேலி. முடித்துவிட்டு முதுகை நிமிர்த்தினால் ஊர் முழுவதும் வெளியே நிற்கிறது. ஒருவரும் கோபிக்கவில்லையாம். செத்த வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி நின்றார்களாம். "நாங்கள் உனக்கு என்ன தீங்கு செய்தோம்? ஏன் எங்களை வெளியே விட்டாய்?" என்று பெரியவர் கேட்டாராம்.

அன்று பின்னேரமே வேலி விறகாகிவிட்டது. "அக்கா, ஐயா இஞ்சை வந்திருந்தா அவருக்குப் பொழுதே போயிராது" என்று தம்பி தொலைபேசியில் சொல்லிச் சிரித்தான்.

மண்தான் பொதுவே தவிர, மரம் அப்படியில்லை. ஊரைக் கேட்டு நட்டால், மரம் நட்டவனுடையது. தம்பி வீட்டைச் சுற்றிக் கராம்புக் கன்றுகள் நட்டான். ரத்னா தண்ணீர் ஊற்றினாள். மரமும் அவளும் சேர்ந்தே வளர்ந்தார்கள். அவளுக்குத் தமிழும் பழக்கினான். ஓர் இந்தோனேசியப் பிள்ளை "விசர்க் கதை கதையாதேங்கோ அப்பா" என்று சொல்வதைக் கேட்க நீங்கள் கொடுத்துவைக்கவில்லை.

தம்பிக்குத் தொண்டையில் நோய் கண்டதும், மச்சாளையும் ரத்னாவையும் அங்கேயே விட்டு, வைத்தியத்துக்காகக் கொழும்புக்கு, வெள்ளவத்தைக்கு வந்தான். அத்தான் தன் அறையையே அவனுக்குக் கொடுத்தார். அத்தான் எங்கள் அக்காவின் கணவர். அக்கா போன பிறகும் குடும்பத்துக்கு மூத்தவர் அவர்தான். ஆனால் அவருக்கு ஒரு கற்பனை இருந்தது. "தம்பிக்கு இந்தோனேசியாவிலை கடற்கரைக் காணி கிடக்கு" என்று மீன்காரனுக்கும் சொல்லுவார், லிஃப்ட் திருத்த வந்தவனுக்கும் சொல்லுவார். அதில் ஹோட்டல்கூடக் கட்டிவிட்டார், வாயால். நான் கேலி செய்வேன். ஆனாலும் குறை சொல்லமாட்டேன். வடக்கில் அவருடைய வளவு இராணுவக் கம்பிக்குள் போய் இன்றுவரை கைக்கு வரவில்லை. காணியை இழந்த மனிதனுக்கு, காணி என்ற சொல் எங்கே கேட்டாலும் காது நீளத்தான் செய்யும்.

தம்பியின் குரல் முற்றாக அடைத்துப்போன நாட்களில் ரத்னா எனக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"மாமி, அப்பாவின்ரை மரத்திலை என்னைக் கை வைக்கவேண்டாம் எண்டு இஞ்சை சொல்லினம்."

நட்டவனுக்குப் பிறகு மரம் அவனுடைய இரத்த உறவுக்குத்தான் போகுமாம். ரத்னா மச்சாளின் முதல் கணவரின் பிள்ளை. எங்கள் பக்கத்து மூத்தவர், ஊரார் காதில் விழ, மரம் வேண்டாம் என்று சொன்னால் மட்டுமே அது அவளுக்கு உரித்தாகும். இதைக் கேட்டதிலிருந்து தம்பி மருந்தைக்கூட விழுங்கவில்லை.

அவர்கள் சொன்ன நாளில் பெரியவரும் ஊராரும் சிக்னல் கிடைக்கும் மலையுச்சிக்கு ஏறினார்கள். இங்கே தொலைபேசியோடு தம்பியின் கட்டிலைச் சுற்றி நாங்கள். நான் அத்தானை முன்னால் தள்ளிவிட்டேன்.

"மாமா, உங்கடை பக்கம் மரம் கேக்கமாட்டியள் எண்டு எல்லாருக்கும் கேக்கச் சொல்லட்டாம்" என்றாள் ரத்னா.

அத்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டார். திரும்பவும் கழற்றினார்.

"அப்ப காணி?" என்று என் காதுக்குள் கேட்டார்.

"காணி ஒருநாளும் இருந்ததில்லை, அத்தான்."

"மரமாவது…"

"அதைத்தான் விடச்சொல்லிக் கேக்கினம்."

தம்பி அத்தானின் முகத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தான். அந்த நேரம் பார்த்துக் கடற்கரை ரயில் வந்தது. ஜன்னலெல்லாம் அதிர்ந்தது. அந்தச் சத்தத்துக்குள் அத்தான் "ஓம், வேண்டாம்" என்று உதட்டை அசைத்தார். சொன்ன மாதிரியும் ஆயிற்று, சொல்லாத மாதிரியும் ஆயிற்று. கெட்டிக்காரன்!

ரயில் போய்விட்டது. மலையுச்சியில் எல்லாரும் காத்துக்கொண்டு நின்றார்கள்.

"மாமா, ஒருத்தருக்கும் கேக்கேல்லை."

"என்ன அத்தான், வாய்க்குள்ளை கொழுக்கட்டையே?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "பிள்ளை, நீ இப்ப மரத்தடிக்கே போறேல்லையோ?" என்று ரத்னாவைக் கேட்டார்.

"இல்லை மாமா. எட்டத்திலை நிண்டு பாக்கிறன்."

அத்தான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "நானும் என்ரை மாமரத்தைக் கம்பிக்கு இஞ்சாலை நிண்டு பாத்தனான்" என்றார். பிறகு தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு கத்தினார்:

"மரம் பிள்ளையின்ரை! எங்களுக்கு ஒண்டும் வேண்டாம்! விளங்கினதோ?"

மேல்மாடிக்காரர் என்னவோ ஏதோ என்று கதவைத் தட்டினார்கள். ரத்னா அதை அவர்களுடைய பாஷையில் சொல்ல, மலையில் நின்றவர்கள் ஒருவர் பின் ஒருவராகத் திருப்பிச் சொன்னார்கள். அன்று தம்பி மருந்தை விழுங்கினான். அதற்குப் பிறகு அதிக நாள் இருக்கவில்லை. அமைதியாகப் போனான்.

அங்கே மரங்களில் இளந்தென்னோலை கட்டி, துக்கத்துக்காக ஒரு வருடம் பறிக்காமல் விட்டார்கள். இந்த ஆட்டைத் திவசத்தை, முதலாம் ஆண்டு நினைவை, முன்னிட்டு ஓலையை அவிழ்த்தபோது முதலில் ஏறியவள் ரத்னா.

தம்பியை இரவு பகலாகப் பார்த்த தாதிமாருக்கும், செத்த வீட்டில் தேநீர் ஊற்றிய மேல்மாடிக்காரருக்கும், அந்த மலையை ஏறிய முதியவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அறையைக் கொடுத்து, அதற்கு மேலேயும் கொடுத்த அத்தானுக்கு நன்றி சொன்னால் அவர் கோபிப்பார். ஆகவே இங்கே அச்சில் போட்டுவிட்டேன்.

இன்று வெற்றிலைத் தட்டில் இருக்கும் கராம்பு தம்பியின் மரத்தில் விளைந்தது, ரத்னா பறித்து அனுப்பியது. ஆளுக்கொன்று எடுத்துக் கடியுங்கள். நல்ல காரம். கண் கலங்கினால் கராம்பால்தான் என்று சொல்லிக்கொள்ளலாம். காலையிலிருந்து அத்தானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.