எந்த மொட்டை என் பேரன்?

போன கிருத்திகையன்று மயிலத்தில் என் பேரனைத் தொலைத்துவிட்டேன்.

பினாங்கில் பிறந்தவன். மூன்று வயது. அதுவரை போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன் — தலை நிறையச் சுருட்டை முடி. மகள் அவனோடு திண்டிவனம் வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. முருகனுக்கு முதல் மொட்டை போட வேண்டாமா? போட்டோம். சந்தனமும் பூசினோம். மகளும் மனைவியும் அர்ச்சனைத் தட்டு வாங்கப் போனார்கள். பையன் என் பொறுப்பு.

என் வேட்டி நழுவியது. இரண்டு கையாலும் இறுக்கிக் கட்டிவிட்டு, பக்கத்தில் நின்ற மொட்டையின் கையைப் பிடித்து நடந்தேன். பிள்ளை வீறிட்டது.

“யோவ்! எம்புள்ளய எங்க இஸ்துக்கினு போற?” — ஒரு பெண் ஓடி வந்தாள்.

“எம் பேரன்னு நெனச்சு...”

“பேரன் மூஞ்சி தெரியாத தாத்தாவா? நல்லாக்கீதுய்யா கதை!”

சுற்றிலும் பார்த்தேன். எங்கு திரும்பினாலும் சந்தன மொட்டை! “குமார்!” என்று கத்தினேன். முருகன் கோயிலாயிற்றே... நாலைந்து மொட்டைகள் திரும்பின.

“அடையாளம் சொல்லுங்க சார்” என்றார்கள் கூடிநின்றவர்கள். எனக்குத் தெரிந்த ஒரே அடையாளம் நாவிதர் காலடியில் கிடந்தது.

கோயில் குளம் ஞாபகத்துக்கு வந்தது. மகளிடம் என்ன சொல்வேன்? விழுப்புரத்துச் சம்பந்திக்கு என்ன பதில்? கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் மாப்பிள்ளைக்கு என்னவென்று தந்தி கொடுப்பது?

குளக்கரைக்கு ஓடினேன். படியில் ஒரு பெரியவர். வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி — ஏறக்குறைய என்னைப் போலவே. மடியில் ஒரு மொட்டை, மல்லாட்டைக் கடலை தின்றுகொண்டிருந்தது.

“இது... எங்க பேரன்னு நெனைக்கிறேன்.”

“நெனைக்கிறீங்களா? தாத்தா தாத்தான்னு எவ் வேட்டிய புடிச்சிக்கினு வந்துட்சுங்க. நான் அதோட தாத்தா இல்ல, அது எனக்குத் தெரியும். நீங்கதான்னு எப்டி நம்பறது? பெத்தவ வரட்டும்.”

“வாடா கண்ணு” என்றேன். பையன் என்னைப் பார்த்தான். அவரைப் பார்த்தான். அவர் மடியிலேயே இருந்துவிட்டான்.

என் கூச்சல் கேட்டு மகள் ஓடி வந்தாள். “அம்மா!” என்று பாய்ந்தான். அவனை அணைத்துக்கொண்டு, “கைய வுட்டுட்டீங்களாப்பா?” என்று மட்டும் கேட்டாள்.

கடல் தாண்டிப் பாசம் வைத்திருப்பதாகச் சொல்லிக்கொள்கிறோம். எதன் மேல்? நமக்கு அவர்கள் ஒரு சுருட்டை முடி. அவர்களுக்கு நாம் ஒரு வேட்டியும் விபூதியும்.

அடுத்த மாதம் அவர்களுக்குக் கப்பல். இப்போதெல்லாம் அவன் முகத்தையே உற்றுப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன்.

மூன்று வயது முகம்... நான் மனப்பாடம் செய்து முடிப்பதற்குள் மாறிவிடும்.