சேசிஸில் அடித்த கறுப்பு

புதுப் பெயிண்ட் அடித்த எதையும் நான் நம்புவதில்லை. பளபளவென்று ஒன்று கண்ணில் பட்டால், அடியில் எதை மறைத்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் தோன்றும். என் புத்தி அப்படி. கல்யாணமான புதிதில் மாமியார் வீட்டுப் பீரோவை நகத்தால் சுரண்டிப் பார்த்து, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவள் நான்.

என் வீட்டுக்காரர் லாரி டிரைவர். எருமப்பட்டிப் பக்கம் எங்கள் வீடு. சுற்றிலும் ஆளாளுக்கு லாரி வைத்திருக்க, இவர் மட்டும் தலை நரைத்த பிறகும் அடுத்தவன் வண்டியையே ஓட்டிக்கொண்டிருந்தார். சொந்த வண்டி என்று பேச்செடுத்தாலே அவர் முகம் மலர்ந்துவிடும். பழைய வண்டிகள் சிலவற்றைப் போய்ப் பார்த்தோம். எல்லாவற்றையும் வேண்டாம் என்றது நான்தான். எனக்கு இருந்தது ஒரே பயம். வண்டியின் மொத்தப் பாரத்தையும் தாங்குகிற இரும்புச் சட்டம்தான் சேசிஸ். லோடோடு தொப்பூர் கணவாயில் இறங்கும்போது அது முறிந்தால் மனுஷன் வீடு திரும்பமாட்டார்.

ஒரு வாரம் முழுக்க அவர் நகக்கண்ணெல்லாம் கறுப்பாக வந்தார்.

“என்னங்க கையெல்லாம்?”

“கிரீஸ் புள்ள.”

கிரீஸுக்கு ஏது பெயிண்டில் கலக்கிற தின்னர் வாசம்? கேட்கவில்லை. மனதில் மட்டும் போட்டு வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, “நல்ல வண்டி ஒண்ணு வந்திருக்குது, நீயே வந்து பாரு” என்று கூட்டிப் போனார். திருச்செங்கோடு ரோட்டில் ஒரு தரகரின் பட்டறை. வண்டி ஜொலித்தது.

பழைய லாரி வாங்குகிறவர்கள் எங்கள் பக்கம் ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக் கொண்டுபோவார்கள். அதைக் கேபின் மேல் வைத்து இழுத்தால், பெயிண்டுக்கு அடியில் இரும்பு இருக்கிற இடத்தில் ஒட்டும். பள்ளத்தில் பட்டி பூசி மறைத்திருந்தால் வழுக்கி விழுந்துவிடும். காந்தம் ஒட்டியதும் கையைத் தட்டிவிட்டு வண்டியை விலை பேசி முடித்துவிடுவார்கள். சேசிஸைக் குனிந்து பார்க்க யாருக்கும் தோன்றாது. உடைந்த ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தத்தை நானும் இழுத்துப் பார்த்தேன். எல்லா இடத்திலும் கெட்டியாக ஒட்டியது.

“சந்தோசமுங்களா அம்மணி?” என்றார் தரகர். “முட்டை லோடு தவிர வேற எதும் ஏத்தாத வண்டிங்க.”

“அடியில பாக்கோணுங்க.”

“அடியில என்னங்க இருக்குது? கறுப்புப் பெயிண்ட் அடிச்சு ஜம்முனு இருக்குதுங்க.”

“அதத்தானுங்க, எதுக்கு அடிச்சீங்கன்னு பாக்கோணும்.”

“அட, மானத்த வாங்காத புள்ள, வா” என்றார் இவர். குரலில் சுரத்தே இல்லை.

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டிக்கு அடியில் புகுந்தேன். துருவைத் தேய்த்து எடுத்து, ரெட் ஆக்சைடு ஒரு கோட் கொடுத்து, அது காய்ந்த பிறகு பெயிண்ட் அடித்தால்தான் இரும்பில் நிற்கும். இங்கே துரு மேலேயே கறுப்பை அப்பியிருந்தார்கள். அதற்குள் அங்கங்கே அப்பளம் போலக் கொப்புளம் கிளம்பியிருந்தது. வளையலில் மாட்டியிருந்த ஊக்கை எடுத்து ஒன்றைக் குத்தினேன். செந்தண்ணீர் ஒரு சொட்டு விரலில் இறங்கியது. என்ன தோன்றியதோ, நாக்கில் வைத்துவிட்டேன். த்தூ! ஒரே உப்பு.

தூத்துக்குடி உப்பு லோடு. ஈர உப்பு வருஷக்கணக்கில் ஒழுகி ஒழுகிச் சேசிஸைத் தின்றுவிடும். உப்பு ஏற்றிய வண்டியை எங்கள் ஊரில் சும்மா கொடுத்தாலும் தொடமாட்டார்கள்.

வெளியே வந்து தரகரைக் கேட்டேன். “ஏனுங்க, முட்டை எப்பயிருந்துங்க உப்புக் கரிக்குது?”

அவர் என்னைப் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரரைப் பார்த்தார். இவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“கையக் காட்டுங்க.”

காட்டவில்லை.

“காட்டுங்கன்னேன்!”

நீட்டினார். நகக்கண்ணில் அதே கறுப்பு. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஊரையெல்லாம் சந்தேகப்பட்டேனே, கூடவே படுத்து எழுகிற ஆளை விட்டுவிட்டேனே!

“நாந்தான் அடிச்சேன்” என்றார். “நீ எதப் பாத்தாலும் வேண்டாங்கற. இதயும் உட்டுட்டா, சாவற வரைக்கும் அடுத்தவன் வண்டிதான் எனக்கு.”

பட்டறை மூலையில் கிடந்த கம்பி பிரஷை எடுத்துக்கொண்டு மறுபடி அடியில் போனேன். ஆத்திரத்தில் தேய்த்தேன். கறுப்பு உதிர்ந்தது, துரு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. பின் ஸ்பிரிங் மாட்டுகிற இடத்தில், சட்டத்தின் குறுக்கே விரல் நீளத்துக்கு ஒரு விரிசல். அதற்குள்ளும் பெயிண்ட் இறங்கியிருந்தது. மற்ற இடத்தில் ஒரு கோட்தான். அங்கே மட்டும் கனமாக இருந்தது.

அவரை உள்ளே வரச் சொன்னேன். பக்கத்தில் வந்து மல்லாந்து படுத்தார். இருவர் முகத்துக்கும் நேர் மேலே அந்த விரிசல்.

“அடிக்கறப்ப இதப் பாத்தீங்களா?”

பாலில் தண்ணீர் இல்லை என்று பால்காரர் சத்தியம் செய்தால்கூட நம்பாதவள் நான். அன்றைக்கு, “பாக்கல புள்ள” என்று ஒரு வார்த்தை அவர் சொல்லியிருந்தால் அப்படியே நம்பியிருப்பேன்.

அவர் சொல்லவில்லை.