அப்பாவின் காதும் என் கிராபிக்ஸ் கார்டும்

எங்கள் அப்பாவுக்குக் காது கேட்காது. குடும்பத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் இது. ரயில்வேயில் டீசல் எஞ்சின் பழுதுபார்க்கும் பட்டறையில் காலமெல்லாம் வேலை பார்த்தவர். எங்கள் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் அந்தக் காலத்து ரயில்வேக்காரர்கள் பாதிப் பேர் கத்தித்தான் பேசுவார்கள். "எஞ்சின் சத்தம் காதத் தின்னுடுச்சு" என்று நாங்களும் ஒரே வரியில் முடித்துவிட்டோம். அம்மா இருந்தவரை அவருக்குக் காது நன்றாகத்தான் கேட்டது என்பதை யாரும் யோசிக்கவில்லை. அம்மா போன பிறகுதான் நான் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு, கம்ப்யூட்டரோடு அப்பாவின் ஃபிளாட்டுக்கு வந்தேன்.

நான் இன்னும் கட்டி முடிக்காத வீடுகளுக்குப் படம் செய்து கொடுக்கிறவள். ஹாலில் வெயில் எந்தப் பக்கம் விழும், சோபா எந்த நிறத்தில் எடுபடும் என்று நிஜம் மாதிரியே காட்ட வேண்டும். அதற்குக் கம்ப்யூட்டருக்குள் இருக்கிற கிராபிக்ஸ் கார்டுதான் உயிர். நான் வாங்கியது பழைய கார்டு. அதன் சூட்டைத் தணிக்கிற காத்தாடி வாங்கும்போதே ஆட்டம் கண்டிருந்தது. ஒரு படத்தைக் கம்ப்யூட்டர் வரைய ஆரம்பித்தால் போதும், யாரோ ஹேர் டிரையரை அணைக்க மறந்துவிட்டுப் போன மாதிரி காலையிலிருந்து சாயங்காலம் வரை அலறும். எனக்கு ஒன்றும் தெரியாது, காதில் ஹெட்போன். அறைகள் சின்னவை என்பதால் மேசையை ஹாலில் போட்டிருந்தேன். என் முதுகுக்குப் பின்னால் அப்பாவின் நாற்காலி.

"ப்பா, பசியாறிட்டீங்களா?"

"ஆ?"

"பசியாறிட்டீங்களான்னு கேட்டேன்."

"என்னம்மா?"

எனக்குப் பொறுமை கிடையாது, பிறந்ததிலிருந்தே. மூன்றாவது தடவை அடித்தொண்டையில் கத்துவேன். "காதுல என்ன பஞ்சா வச்சிருக்கீங்க" என்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார். அந்தச் சிரிப்பு என் எரிச்சலை இன்னும் கிளப்பும். அண்ணன் ஊருக்கு வெளியே செமினியில் மாடி வீடு வாங்கிப் போய்விட்டான். அவன் பங்குக்கு அப்பாவுக்கு ஒரு காது மெஷின் வாங்கிக் கொடுத்தான், கடமை முடிந்தது. அப்பா அதை ஹாலில் உட்கார்ந்தபடி இரண்டு நாள் மாட்டிப் பார்த்தார். "ஒரே இரைச்சலா இருக்கும்மா, இஞ்சின் ஓடுற மாதிரி" என்றார். "எல்லாம் பழகிடும், கழட்டாதீங்க" என்று நான் அதட்டினேன். அடுத்த வாரம் மெஷின் பிஸ்கட் டின்னுக்குள் போய்விட்டது. சொன்ன பேச்சு கேட்காத மனுஷன் என்று அண்ணியிடம் புலம்பினேன். அதையும் அப்பாவுக்கு முன்னாலேயே உட்கார்ந்து புலம்பினேன். காது கேட்காதவருக்கு முன்னால் எதை வேண்டுமானாலும் பேசலாம் என்பது எங்கள் வீட்டில் சட்டம் மாதிரி ஆகியிருந்தது.

கார்டின் காத்தாடியை எடுத்துவிட்டு வேறு கூலர் மாட்ட வேண்டும் என்று நான் முடிவு செய்தது அப்பாவுக்காக இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு கட்டடக் கம்பெனிக்காரர் வீடியோ மீட்டிங்கில், "சிஸ், அங்க மழையா?" என்று கேட்டார். அடுத்த மீட்டிங்கிலும் அதையே கேட்டார். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது. காசு கொடுக்கிறவர் காதுக்கு உறுத்தியதும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

பிறகு ஒரு வாரம் கூலர் பைத்தியம். பழைய உறையைக் கழற்றிவிட்டு, சாதாரணக் காத்தாடி இரண்டைக் கேபிள் டை போட்டு இறுக்கிக் கட்டினால் போதும் என்று சிலர் இணையத்தில் எழுதியிருந்தார்கள். மலிவுதான், ஆனால் பார்க்க ஆஸ்பத்திரிக் கட்டு மாதிரி இருந்தது. குழாய் வழியாகத் தண்ணீர் ஓடிக் குளிர வைக்கிற வகையும் உண்டு. அது என் ஆசையைக் கிளப்பியது. கடைசியில், அலுமினியத் தகடுகள் அடுக்கடுக்காக இருந்து, மேலே இரண்டு பெரிய காத்தாடிகள் மெதுவாகச் சுற்றுகிற ஒரு கூலரில் கண் நின்றது. கார்டில் உள்ள ஓட்டைகளின் இடைவெளி அதற்குப் பொருந்துமா, கம்ப்யூட்டர் கேசிங்கின் மூடி மூடுமா என்று ஸ்கேல் வைத்து அளந்துகொண்டேன்.

சிட்டியில் கம்ப்யூட்டர் சாமான் விற்கிற மாலுக்குப் போனபோதும் தண்ணீர் ஆசை விடவில்லை. கடைக்காரர் கையை ஆட்டினார். "தண்ணி வேணாம் லா, சிஸ். ஒழுகுனா கார்டு போச்சு. சத்தந்தான ஒங்களுக்கு பிரச்சன?"

"ஆமா, சத்தந்தான்."

"அப்ப பெரிய காத்தாடி எடுங்க. பெருசுன்னா மெதுவா ஓடும், மெதுவா ஓடுனா சத்தமே வராது."

வாங்கிவிட்டேன். மறுநாள் சாப்பாட்டு மேசையில் பழைய துண்டை விரித்து, கார்டைப் பிரித்துப் போட்டேன். சூடு கடத்துகிற, காய்ந்துபோன பேஸ்டைச் சுரண்டித் துடைத்தேன். குட்டித் திருகாணிகள் கண்ணுக்குத் தெரியவில்லை. நான் கூப்பிடாமலே அப்பா வந்து டார்ச் அடித்தார். "அங்க இல்லப்பா, இங்க, இங்க" என்று நான் கத்திக்கொண்டே இருந்தேன். அவர் கை வலிக்க வலிக்க, கடைசித் திருகாணி வரைக்கும் வெளிச்சத்தைப் பிடித்திருந்தார்.

புதுக் கூலரை மாட்டிக் கம்ப்யூட்டரைப் போட்டேன். காத்தாடிகள் சுற்றின, சத்தமே இல்லை. ஒரு பெரிய படத்தை வரைய விட்டேன், அப்போதும் இல்லை. கார்டின் சூடும் நன்றாக இறங்கியிருந்தது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அந்த நேரம் பார்த்து அண்ணன் போன் செய்தான். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, எப்போதும் போலத் திரையைப் பார்த்தபடியே பேசினேன்.

"என்னால முடியலண்ணே. ஒரு வார்த்தைய நாலு தடவ கத்த வேண்டியிருக்கு. ஒன் வீட்டுல ரூம் சும்மாதான கெடக்கு? சனிக்கெழம வந்து கூட்டிட்டுப் போ. கொஞ்ச நாளைக்குன்னு சொல்லு. அப்புறம் அப்படியே அங்கயே இருக்கட்டும். அவருக்கு எங்க இருந்தாலும் ஒண்ணுதான்."

அண்ணன் இழுத்தான், பிறகு சரி என்றான். ஹெட்போனைக் கழற்றி வைத்தேன். கடிகார முள் நகர்கிற சத்தம் கேட்டது. கீழே கடையில் யாரோ தட்டு கழுவுவது கேட்டது. மோனோரெயில் போவது கேட்டது. இந்த வீட்டில் இதெல்லாம் கேட்குமா என்று ஆச்சரியமாக இருந்தது. ஜன்னலைப் பார்த்து, எனக்கு நானே முணுமுணுத்தேன். "மழ வர மாதிரி இருக்கு, துணி எடுக்கணும்."

"எடுத்து மடிச்சு வச்சிட்டேம்மா" என்றார் அப்பா, பின்னாலிருந்து.

நான் கத்தவில்லை, திரும்பக்கூட இல்லை. வாய்க்குள் சொன்னது அவர் காதில் விழுந்திருக்கிறது என்றால், அதற்கு முன்னால் சொன்னது? திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. சர்ச்சில் ஃபாதர் பிரசங்கத்தில் ஏதாவது வேடிக்கையாகச் சொன்னால் அப்பா எல்லாரோடும் சேர்ந்து சிரிப்பார். மைக் இருக்கிறது, அதனால் கேட்கிறது என்று நினைத்திருந்தேன். லிஃப்டில் பக்கத்து வீட்டு அங்கிளோடு சாதாரணமாகப் பேசுவார். வாயைப் பார்த்துப் புரிந்துகொள்கிறார் என்று நினைத்தேன். இத்தனை நாள் கெட்டுப்போயிருந்தது என் மேசைக்குக் கீழே இருந்த காத்தாடி. அதற்கு நான் அப்பாவைத் திட்டினேன், மெஷின் மாட்ட வைத்தேன், இப்போது வீட்டை விட்டே அனுப்பப் பார்த்தேன்.

அன்றைக்கே அண்ணனைக் கூப்பிட்டு வராதே என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. சொன்னால் எதற்கு என்று விளக்க வேண்டும். அது மட்டுமில்லை, காலையில் யாருக்கும் டீ போடாமல் எழுந்து நேராக வேலையில் உட்கார முடிகிற ஒரு வீட்டை நான் மனசுக்குள் கட்டிப் பார்த்துவிட்டேன். அந்த ஆசை அவ்வளவு சீக்கிரம் போகவில்லை. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அப்பாவும் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. நான் எது கேட்டாலும் முதல் தடவையிலேயே பதில் சொன்னார். அந்த ஒவ்வொரு பதிலும் எனக்குக் கன்னத்தில் அறை மாதிரி விழுந்தது.

சனிக்கிழமை காலை நான் எழுந்து வந்தபோது அப்பா குளித்து, சர்ச்சுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையை மாட்டி, நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காலடியில் ஒரு பை. சனிக்கிழமை என்று நான் அவரிடம் சொல்லவே இல்லை. அண்ணனிடம் மட்டும்தான் சொன்னேன்.

"எங்கப்பா கெளம்பிட்டீங்க?" என்று கேட்டேன், ஒன்றும் தெரியாதவள் மாதிரி.

அவர் மேசைக்குக் கீழே கம்ப்யூட்டரைப் பார்த்தார். "அந்தப் பழைய காத்தாடிய வீசிட்டியாம்மா?"

"இல்லப்பா. பெட்டியில இருக்கு. ஏன்?"

"அதையே திருப்பி மாட்டிடேன். எனக்குக் கேக்காம இருந்தப்ப ரெண்டு பேருக்கும் நல்லாத்தான இருந்துச்சு."

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது, மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அண்ணனுக்குப் போன் செய்து, "வர வேணாம்ணே, அப்பா இங்கயே இருக்கட்டும்" என்று அவருக்கு முன்னாலேயே, அவருக்குக் கேட்கும்படியே சொன்னேன். அப்பா எழுந்து உள்ளே போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். பையிலிருந்த துணிகளை அவரே அலமாரியில் திரும்ப அடுக்கினார்.

பழைய காத்தாடியை நான் மாட்டவில்லை. வீடு இப்போது அமைதியாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்பா பழையபடி ஆகிவிட்டார். கூப்பிட்டால் திரும்புவதில்லை. எது கேட்டாலும் இரண்டாவது தடவை சொல்ல வைக்கிறார். அவருக்குக் கேட்கிறது என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். நேற்று அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்று, மெதுவாகத்தான் கேட்டேன்.

"ப்பா, இன்னும் என் மேல கோவமா?"

"ஆ?" என்றார்.