இருபத்தாறு பேர் திறந்தார்கள்

என் மனைவி இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அதை மட்டும் என் வலைப்பூவில் நான் எழுதவில்லை. அங்கே அவள் இன்னும் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருக்கிறாள், சில்லறைக்காக என் சட்டைப்பையைத் துழாவுகிறாள், மாமல்லபுரத்துக்குப் போனால் வெயில் வெயில் என்று என்னைத் திட்டுகிறாள். வாரம் ஒரு பதிவு. மறைமலைநகர் ஃபேக்டரியில் உதிரிபாகங்களுக்கு அளவு பார்க்கிற வேலை எனக்கு. அங்கே ஒரு நூல் பிசகினாலும் கேட்க ஆள் உண்டு. வலைப்பூவில் யார் கேட்கப்போகிறார்கள்?

படிக்க மட்டும் ஆள் வேண்டியிருந்தது. யாராவது படிக்கிறவரை அவள் இருக்கிறாள் என்று ஒரு கிறுக்கு நினைப்பு. அவள் போன பிறகுதான் நான் சிங்கப்பெருமாள் கோயிலுக்கு வீடு மாறி இந்த வேலையில் சேர்ந்தேன் என்பதால் இங்கே யாருக்கும் எதுவும் தெரியாது. கம்பெனி பஸ்ஸில் ஒரு நோட்டை நீட்டி மெயில் முகவரி கேட்டேன். இருபத்தாறு பேர் கொடுத்தார்கள். சனிக்கிழமைதோறும் புதுப் பதிவை மெயிலில் அனுப்புவேன். எத்தனை பேர் திறந்தார்கள் என்று திரையில் காட்டும். இருபத்தாறு. மறுவாரமும் இருபத்தாறு. ஆனால் பஸ்ஸில் ஒருத்தரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. கூச்சமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். சந்தோஷப்பட்டேனா என்றால், அதுவும் இல்லை. எனக்கு எதுவும் உறைக்காமல் போய் வெகுநாளாயிற்று. எண்ணைப் பார்ப்பேன், சரியாக இருக்கும், சாப்பிடப் போவேன்.

ஒரு சனிக்கிழமை யாருமே திறக்கவில்லை. அடுத்த சனிக்கிழமையும் பூஜ்யம்தான்.

சரி, மெயிலெல்லாம் இனி வேலைக்கு ஆகாது என்று வேறு வழி தேடினேன். பஸ் ஆட்களைச் சேர்த்து வாட்ஸ்அப்பில் குழு ஆரம்பித்தேன். முதல் நாளே ரோஜாப்பூவோடு காலை வணக்கம், ஈசிஆர் பக்கம் மனை விற்பனை, யார் வீட்டுக் காதுகுத்தோ. நடுவில் என் பதிவு அநாதையாகக் கிடந்தது. ஒருவர் "யார் இது?" என்று கேட்டுவிட்டு வெளியேறினார். ஸ்டேட்டஸில் வைக்க முடியாது, சொந்தக்காரர்கள் பார்த்தால் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்பார்கள். கடைசியில் கியூஆர் கோடை அச்செடுத்து பஸ் சீட்டின் முதுகில் ஒட்டினேன். ஸ்கேன் பண்ணினால் பணம் போய்விடுமோ என்று பயந்து ஒரு மனுஷன் வேறு சீட்டுக்கே மாறிவிட்டார். அட போங்கப்பா என்று இருந்தது.

பொறுக்கமாட்டாமல் பக்கத்து சீட்டுக்காரரிடம் கேட்டேன்: "ரெண்டு வாரமா என் மெயிலைத் திறக்கலையே, ஏன்?"

"மெயிலா? அத்த யார்ணா பாக்குறது? எனக்கு பாஸ்வேர்டே தெரியாது. கோயிலாண்ட கீற பிரௌசிங் சென்டர்காரரு போட்டுக் குடுத்தது. வேலைக்கு எதுனா லெட்டர் வந்தா அவரே போன் பண்ணிச் சொல்லுவாரு."

முன்சீட்டுக்காரருக்கும் அவர்தான். அதற்கு முன்சீட்டுக்கும் அவர்தான்.

அன்று மாலை பஸ்ஸிலிருந்து இறங்கியதும் அந்தக் கடைக்குப் போனேன். மஞ்சள் காமாலை வந்து இரண்டு வாரம் கடையை மூடியிருந்தாராம் சென்டர்காரர். அன்றுதான் திறந்திருந்தார். என்னைவிடச் சின்னவர், முகம் வற்றிக் கிடந்தது. சனிக்கிழமை மெயில் அனுப்புகிறவன் நான்தான் என்றேன். சட்டென்று எழுந்து நின்றார்.

"நீங்களாணா! எல்லார் பாஸ்வேர்டும் எங்கிட்டதான் கீது. இன்டர்வியூ லெட்டர் எதுனா வந்துகீதான்னு டெய்லி காலைல ஒண்ணொண்ணா தொறந்து பாப்பேன். சனிக்கெழமன்னா எல்லாத்துலயும் உங்க லெட்டர் நிக்கும். ஒண்ணுல படிச்சுட்டு மீதியையும் தொறந்து வுட்ருவேன். அவங்க படிக்கலன்னு உங்களுக்கு மனசு கஷ்டமாப் பூடும்ல?"

இருபத்தாறு பேரும் இந்த ஒரே ஆள். கோபம் வரவேண்டும், அல்லது சிரிப்பாவது வரவேண்டும். இரண்டும் வரவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

அவர் நிறுத்தவில்லை. "போன மாசம் முட்டுக்காட்ல போட்ல போனீங்கள்ல, அண்ணி பயந்துபோயி உங்க காலரப் புடிச்சு இஸ்தாங்கன்னு? எங்க வூட்ல படிச்சுக் காட்னேன், அவ சிரிச்ச சிரிப்பு இருக்கே! நான் காமாலைல படுத்துகினு இருக்கேன், அவ அண்ணி இன்னா பண்றாங்களோன்னு கேட்டுகினு கீறா. அண்ணி நல்லா கீறாங்களா?"

நல்லா இருக்கா என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். எழுதுவதென்றால் அப்படியே எழுதியிருப்பேன்.

"அவ இல்லப்பா. செத்துட்டா. ரெண்டு வருஷம் ஆச்சு."

அவர் என்னையே பார்த்தார். "அப்போ முட்டுக்காடு?"

"போகவே இல்ல. அவ எத்தனையோ தடவ கேட்டா. நான்தான் கூட்டிட்டுப் போகல."

அவர் கம்ப்யூட்டரை அணைத்தார். மேசையில் கிடந்த காகிதங்களை அடுக்கினார், திரும்பக் கலைத்தார். கண் கலங்கியிருந்தது. எனக்கு வராத அழுகை, அவளைப் பார்த்தேயிராத இந்த மனுஷனுக்கு எப்படி வந்தது என்று எரிச்சலாகக்கூட இருந்தது.

"எங்க வூட்ல நான் இன்னான்னுணா போய்ச் சொல்லுவேன்?" என்றார்.

"நானே வந்து சொல்றேன்" என்றேன்.

அவர் ஷட்டரை இறக்கினார். அவர் வீடு இருக்கும் தெருவை நோக்கி இரண்டு பேரும் நடந்தோம்.