அப்பாவின் கையில் நான் வைத்த போத்தல்

என் நாடகம் நடந்த மண்டபத்தில் அம்மா இருந்தார். தங்கச்சி இருந்தாள். அப்பாவின் ஓட்டோவில் பள்ளிக்கூடம் போய்வருகிற ஏழு பிள்ளைகளில் நான்கு பேருடைய தாய்மார் மூன்றாவது வரிசையில் ஒன்றாக இருந்தார்கள். அப்பா மட்டும் இல்லை. சனிக்கிழமை பின்னேரங்களில் அவருக்கு, தனியார் வகுப்புக்குப் பிள்ளைகளை ஏற்றியிறக்குகிற ரியூசன் ஓட்டம். ஆனால் அந்தத் தாய்மாரை அழைத்தது அவர்தான். நாடகத்தின் நோட்டீசை ஒவ்வொரு பிள்ளையின் பையிலும் தானே வைத்து அனுப்பினார். "எங்கட மகன் எழுதி நடிக்கிறது" என்று வீட்டு வாசல்களில் நின்று சொல்லியுமிருக்கிறார்.

சண்டை வந்து சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்தபோது எனக்கு ஆறு வயது. முகாமில் பொதுக் கொட்டகைக்குள் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. ஜெனரேற்றர் ஓடுகிற நேரத்தில் அதில் இந்தியத் தொடர் நாடகங்கள் போகும். நிலத்தில் குந்தியிருந்து பார்ப்போம். எங்களுக்குத் தறப்பாள் கூடாரம்தான் வீடு. பெட்டிக்குள் இருந்த வீடுகளிலோ மாடிப்படி இருந்தது. கோபித்தவர் படியேறிப் போவார், அழுகிறவர் படியிறங்கி வருவார். வீடு என்றால் படி வேண்டும் என்று என் மனதில் எப்படியோ பதிந்துவிட்டது. பத்தாம் வகுப்பில் எழுதிய முதல் நாடகத்தில், தாய் கோபித்துக்கொண்டு ஏறிப்போவதற்காக வகுப்பு மேசைகளை அடுக்கிப் படி செய்தேன். தாயாக நடித்தவன் இரண்டாவது மேசையில் கால் வைத்ததும் எல்லாம் சரிந்தது. அவனுக்குக் கால் சுளுக்கியது. எனக்கு அதைவிடப் பெரிய கவலை, அவன் அழுத இடத்துக்கு, பெட்டிக்குள் யாராவது அழுதால் கேட்கிற வயலின் இல்லையே என்பது.

வயலின் எனக்குள் எப்போதும் இருந்தது. அரிசி முடிந்துவிட்டது என்று அம்மா குசினிக்குள் நின்று சொன்னால்கூட என் தலைக்குள் அது மெல்லத் தொடங்கும். உடனே அப்பாவின் முகத்தைப் பார்ப்பேன். பெட்டிக்குள் என்றால் அந்த முகத்தை மூன்று தரம் காட்டுவார்கள். அப்பாவின் முகத்தில் ஒன்றும் நடக்காது. சேட்டுப் போட்டுக்கொண்டு கடைக்குப் போவார்.

பிறகு கம்பஸ் கிடைத்தது, பல்கலைக்கழகத்தில் நாடகமும் அரங்கியலும் படிக்க. எங்கள் குடும்பத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். சேர்ந்த சில மாதங்களிலேயே தொடர் நாடகங்களைக் கண்டால் எனக்கு இளக்காரம் வந்துவிட்டது. அம்மா பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்னால் நின்று, "இப்ப திரும்பிப் பாப்பாள், பாருங்கோ" என்பேன். அதில் வருகிறவளும் அப்படியே திரும்பிப் பார்ப்பாள். அம்மா சிரிப்பார். சிரித்துவிட்டுச் சத்தத்தைக் குறைப்பார். அவருக்கு இருந்த ஒரேயொரு பொழுதுபோக்கை நான் வெட்கத்துக்குரியதாக ஆக்கிக்கொண்டிருந்தது அப்போது எனக்கு விளங்கவில்லை.

அந்த மிதப்பில்தான் அப்பாவைப் பற்றிய நாடகத்தை எழுதினேன். மாடிப்படி இல்லை, இந்தியத் தமிழ் இல்லை, பின்னணி இசை இல்லை. ஓர் ஓட்டோக்காரர், அவருடைய வீடு, எங்கள் பேச்சு, அவ்வளவுதான். இரண்டு மாதம் அப்பாவைக் கவனித்தேன். இடது காலைச் சற்று இழுத்து நடப்பதை, பிள்ளைகள் ஏறும்போது ஒவ்வொரு தலையிலும் விரல் வைத்து எண்ணுவதை, வெளிக்கிடுமுன் "கை உள்ளுக்கு, தலை உள்ளுக்கு" என்று சொல்வதை எல்லாம் பழகினேன். நடிக்க அவருடைய காக்கிச் சேட்டையே கேட்டேன். தானே அயன் பண்ணித் தந்தார்.

ஆனால் அவருடைய நாளை எழுதினால் பதினைந்து நிமிடத்துக்கு மேல் வரவில்லை. காலையில் ஓடுகிறார், மத்தியானம் ஓடுகிறார், பின்னேரம் ஓட்டோவைக் கழுவுகிறார், சாப்பிட்டுப் படுக்கிறார். அவர் யாரையும் அடிப்பதில்லை, யாரும் அழுவதில்லை. நடுவில் ஓர் இடம் வெறுமையாகக் கிடந்தது. அங்கே ஒரு சாராயப் போத்தலை வைத்தேன். யோசித்துச் செய்ததல்ல, கை தானாக எழுதியது. பெட்டிக்குள் கையால் உழைக்கிற தகப்பன்மார் எல்லாரும் குடித்தார்கள். என்னுடைய அப்பா ஒருநாளும் குடித்ததில்லை.

மேடையில் நான் காலை இழுத்து நடந்து வந்ததுமே மூன்றாவது வரிசையில் சிரிப்பு எழும்பியது, தெரிந்த ஆளைக் கண்ட சிரிப்பு. போத்தலை எடுத்தபோது அந்தச் சிரிப்பு நின்றது. நாக்குக் குழற, என் பிள்ளைகளாக நடித்தவர்களின் தலைகளை எண்ணி எண்ணிப் பிழைவிட்டு, "கை உள்ளுக்கு, தலை உள்ளுக்கு" என்று சுவரில் சாய்ந்தேன். மண்டபம் அமைதியாகிவிட்டது. ஆட்களைக் கட்டிப்போட்டுவிட்டேன் என்று நினைத்தேன். முடிவில் எழுந்த கைதட்டலில் எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. வெளியே வந்ததும் தங்கச்சி கேட்டது ஒன்றுதான்: "அப்பா எப்ப அண்ணா குடிச்சவர்?" அது கலை, உனக்கு விளங்காது என்றேன்.

திங்கட்கிழமை அப்பாவின் ஓட்டோவுக்கு இரண்டு பிள்ளைகள் வரவில்லை. ஸ்ராண்டில் மற்ற ஓட்டோக்காரர்கள் அப்பாவிடம், "என்ன அண்ணை, இண்டைக்கு அரையோ முழுசோ?" என்று கேட்டுச் சிரித்தார்களாம். அவரும் சிரித்தாராம். இதெல்லாம் தங்கச்சி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மூன்றாவது பிள்ளையையும் நிறுத்தப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, உவர்மலையிலிருந்த அந்த வீட்டுக்கு நானே போனேன். கேற்றடியில், ஊருக்குள் திரிகிற மான்களில் ஒன்று நின்று குப்பைப் பையை இழுத்துக்கொண்டிருந்தது. தாய் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர். விறாந்தையில் கதிரை போட்டு, தேத்தண்ணி தந்து, நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்:

"நாடகத்தில பிழை சொல்லேல்ல, தம்பி. வடிவாச் செய்தனீங்கள். ஆனா வீட்டில பாக்காமல் அப்பிடிச் செய்ய ஏலாது. எனக்குப் பிள்ளையெல்லோ முக்கியம்."

என் நடிப்புக்கு யாரும் தந்த மிகப் பெரிய பாராட்டு அது. நான் பதறிவிட்டேன். "இல்லை அன்ரி, அது ரீவியில பாத்தது. அதில இப்பிடித்தான் நடப்பினம்" என்று எழும்பி, விறாந்தையிலேயே தள்ளாடிக் காட்டினேன். தொடர்களில் வருகிற குடிகாரனை மட்டும் காட்டவேண்டும் என்றுதான் முயன்றேன். ஆனால் இடது கால் தானாக இழுபட்டது. கதவடியில் நின்ற அந்தச் சின்னப் பிள்ளை கைதட்டி, "ஓட்டோ மாமா! ஓட்டோ மாமா!" என்று துள்ளியது.

அப்போதுதான் ஹோர்ன் கேட்டது. பிள்ளையை ரியூசனுக்கு ஏற்ற அப்பா வந்திருந்தார். கேற்றுக்கு வெளியே ஓட்டோவுக்குள் இருந்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியாது.

தாய் இறங்கிப்போய், இன்றிலிருந்து பிள்ளையைத் தன் தம்பி மோட்டார் சைக்கிளில் கொண்டுபோவார் என்றார். அப்பா ஓம் என்றார். பிள்ளை விட்டுப்போன குடையைச் சீற்றுக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தார். பிறகு என்னை ஏறச் சொன்னார்.

பிள்ளைகள் இருக்கிற இடத்தில் இருந்தேன். அவர்களைப் பார்ப்பதற்காகத் திருப்பி வைத்த கண்ணாடியில் அவருடைய கண்கள் தெரிந்தன. உள்துறைமுக வீதிக்கு இறங்கியதும் கேட்டார்:

"நான் குடிக்கிறேல்ல எண்டு உனக்குத் தெரியும்தானே?"

"ஓம் அப்பா."

"அப்ப என்னத்துக்கு?"

கம்பஸில் படித்த சொற்களை விட்டுவிட்டு, "நாடகம் எண்டா ஏதாவது நடக்கவேணும் அப்பா" என்றேன்.

"ஓம்," என்றார். "எங்கட வீட்டில ஒண்டும் நடக்கேல்லத்தான்."

அதில் கோபம் இல்லை. கடையில் ஒரு சாமான் இல்லை என்றால் கேட்டுக்கொண்டு திரும்புகிறவர்போலச் சொன்னார். சம்பூரிலிருந்து எங்களைக் கொண்டுவந்து, முகாமில் வைத்துக் காப்பாற்றி, ஓட்டோ ஓட்டி என்னைப் படிப்பித்த மனிதர். அந்த நேரத்திலும் என் தலைக்குள் வயலின் தொடங்கியது. அவருடைய முகத்தைக் கண்ணாடியில் ஒரு தரம், இன்னொரு தரம் பார்த்தேன். இதை நான் இதுவரை யாருக்கும் சொன்னதில்லை.

நான்காவது பிள்ளையும் அந்தக் கிழமையே நின்றது. வருமானத்தை ஈடுகட்ட அப்பா விடியற்காலையில் ஓட்டோவில் மீன் பெட்டி ஏற்றினார். எவ்வளவு கழுவியும் மணம் போகவில்லை. மூன்று மாதத்தில் மிச்சப் பிள்ளைகளையும் வேறு ஓட்டோவுக்கு மாற்றினார்கள். அடுத்த வருடம் புதிய பிள்ளைகள் வரும்வரை, ஒரு பிள்ளைக்கு மாதம் ஐயாயிரம்படி, முதல் நான்கு பிள்ளைகளுக்கு எட்டு மாதம், மற்ற மூன்று பிள்ளைகளுக்கு ஐந்து மாதம்: அந்தப் போத்தலால் அப்பா இழந்தது இரண்டு லட்சத்து முப்பத்தைந்தாயிரம் ரூபாய்.