பற்றைக்காட்டில் கேட்ட பாங்கு

கிழக்கிலங்கையில் கோமாரிக் கரையோரம் புதர் மண்டிய பற்றைக்காட்டைச் சுற்றிவர கணவர், பதினாறு வயது மகள், நான் மூவரும் விடியவே நடந்தோம். நண்பகலில் திரும்பிப் பார்த்தால் மகளைக் காணவில்லை. பாதையில் யானை லத்தி ஈரமாகக் கிடந்தது. கைபேசியில் சிக்னலும் இல்லை. வந்த வழியே திரும்பிக் கூப்பிட்டோம்; எதிரே வீசிய கடற்காற்று சத்தத்தைப் பின்னால் தள்ளிவிட்டது.

அதே காற்றில் கடல் பக்கமிருந்து நண்பகல் தொழுகைக்கு அழைக்கும் லுஹர் பாங்கு வந்தது. அங்கே ஏது பள்ளிவாசல்? நேரத்துக்குத் தானே ஒலிக்கும் மகளின் கைபேசி! முள் கிழிக்க ஓடினோம். அவள் மரத்தடியில் இருந்து பாலைப்பழம் தின்றுகொண்டிருந்தாள்.

“ஏன் உம்மா அழுறீங்க? நல்ல இனிப்பு, தின்னுங்க.”

“யானைக்கும் கொஞ்சம் மிச்சம் வை, மகள்,” என்றார் கணவர். நான் அழுதபடியே சிரித்தேன்.

அதற்குப் பிறகும் காட்டில் நடப்பதை விடவில்லை. புறப்படுமுன் மூன்று கைபேசிகளிலும் பாங்குச் சத்தத்தைக் கூட்டிவைக்கிறேன். மகள் எனக்கு முன்னால் நடக்கிறாள். பழமரம் கண்டால் நானும் நிற்கிறேன்.