ஆம்ப்ரோஸ் அண்ணன் தன்னைப் பற்றிச் சொன்ன வாக்கியம்

ஜூரோங் கப்பல் பட்டறையில் எங்கள் பாதுகாப்பு மேற்பார்வையாளர் ஆம்ப்ரோஸ். செங்காங்கில் வீடு, ஞாயிறு தவறாமல் பூசை, வாயைத் திறந்தால் கண்டிப்பு. சாரம் கட்டும் எனக்கும் அவருக்கும் ஆறு வருஷமாக ஏழாம் பொருத்தம்தான்.

தினமும் காலைக் கூட்டத்தில் கம்பெனி தரும் ஆங்கில வாசகத்தை அவர் வாசிக்க வேண்டும். வாசித்துவிட்டுப் போகிற ஆளா அவர்? அன்றைக்கு 'டோன்ட் கட் கார்னர்ஸ்' வந்தது.

"செய்ய வேண்டியத முழுசா செய்யாம, நேரம் மிச்சம்னு பாதிய விட்டுடுறது. அதான் கட் கார்னர்ஸ்," என்றார். "சோம்பேறியச் சொல்ற வார்த்தை இல்ல. வேலை தெரிஞ்சவன்தான் இதப் பண்ணுவான். எத விட்டா வெளிய தெரியாதுன்னு அவனுக்குத்தானே தெரியும்."

பிறகு அவர் வழக்கப்படி, அந்த வார்த்தையை வைத்து ஆளுக்கொரு வாக்கியம். அடுத்தவனை இழுக்கக் கூடாது, தன்னைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். சாரத்தின் மேல் நின்று வேலை செய்யும் ஹுசைன், ஹெல்மெட் வாரைப் போடாததைச் சொன்னான். அடுத்தது நான். முந்தின நாள் மழைக்கு முன் இறங்கும் அவசரத்தில், சாரத்தின் மூன்றாம் தட்டில் குழாய்களைப் பிணைக்கும் கிளாம்புகளைக் கையால் மட்டும் திருகிவிட்டு வந்திருந்தேன். சொன்னால் வேலை போகலாம். சொல்லாவிட்டால் கால் மணி நேரத்தில் ஹுசைன் அதன் மேல் நிற்பான்.

"நேத்து மூணாவது தட்டுல நான் கட் கார்னர்ஸ் பண்ணிட்டேண்ணே. கிளாம்ப ஸ்பேனர் போட்டு முறுக்கல."

அவர் முகம் வெளுத்தது. உடனே போய்ச் சாரத்தில், ஏறக் கூடாதென்னும் சிவப்பு அட்டையை மாட்டினார். வேலை நின்றதும் மேனேஜர் சிதம்பரம் பறந்து வந்தார்.

"யாரு செஞ்ச வேலை இது?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஆம்ப்ரோஸ் முந்திக்கொண்டார். "சார், நேத்து நான் கட் கார்னர்ஸ் பண்ணேன். முழங்கால் வலின்னு மேல ஏறல. கீழ நின்னு பாத்துட்டு, ஏறலாம்னு சொல்ற பச்சை அட்டையில கையெழுத்துப் போட்டுட்டேன்."

சிதம்பரம் என்னை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இதெல்லாம் எதுக்கு வெளிய சொல்றீங்க லா. ரிப்போர்ட்ல சாரம் கட்டின செல்வராஜ் பேரு மட்டும் போதும். உங்க பொசிஷன் போயிடும்."

"போகட்டும் சார். ரெண்டு பேரும்தான் செஞ்சோம்."

அறிக்கையில் ஆம்ப்ரோஸ் அப்படியே எழுதினார். கையெழுத்திடும் அதிகாரம் அன்றே போனது. மனிதர் அதற்காகத் தலையைத் தொங்கப் போடவில்லை. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, அறிக்கையின் நகலோடு.

அந்த நகலைச் சட்டம் போட்டு புக்கிட் பாஞ்சாங் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன். என் மனைவி தலையில் அடித்துக்கொள்கிறாள். அடித்துக்கொள்ளட்டும். அதில் அவர் பெயருக்குக் கீழே என் பெயர் இருக்கிறது.